வந்திறங்கிய முகம்

குவைத்தில் நாங்கள் வேலை பார்த்த மருத்துவமனையில் அவரை எல்லோரும் லவுஞ்சு அக்கா என்றுதான் சொல்வோம். அம்மாவும் அப்பாவும் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை எழுதினால், “எனக்க பேரைப் போட்டு என்னத்துக்குப் பிள்ள ஆளைக் கூட்டுத?” என்று கேட்பார். அதனால் விட்டுவிடுகிறேன்.

விமான நிலையத்தில் லவுஞ்சு எதற்கு இருக்கிறது என்று கேட்டால், வளைகுடாவில் வேலை பார்க்கிற எந்தக் குமரி மாவட்டத்துக்காரரும் பதில் சொல்வார். விமானம் ஏற மூன்று மணி நேரம் முன்பே போய், வங்கி அட்டையைத் தேய்த்து, அங்கே இருக்கிற பலகாரத்தையெல்லாம் ஒரு கை பார்த்து, சோபாவில் காலை நீட்டிப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவதற்கு. நானும் அப்படித்தான். முதல் தடவை உள்ளே போனபோது கேக் மட்டும் ஐந்து துண்டு தின்றேன். அரபிக்கடலைத் தாண்டுகிற வரைக்கும் காகிதப் பையும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

அக்கா ஏறும்போது லவுஞ்சின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். நாங்கள் உள்ளே தின்றுகொண்டிருக்க, அவர் வெளியே நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய லவுஞ்சு இறங்கிய பிறகுதான். எல்லா இடத்திலும் இறங்கினவர்களை உள்ளே விட மாட்டார்கள். நாங்கள் இறங்குகிற விமான நிலையத்தில் அந்த நாட்களில், வெளியே போகிற வழியில், வந்தவர்களுக்கென்று சின்னதாக ஒன்று இருந்தது. குளிக்க இரண்டு அறை, இட்லி, சாம்பார், சாயா, அவ்வளவுதான். பெட்டி கைக்கு வந்ததும் நாங்களெல்லாம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடுவோம். அக்கா மட்டும் வலது பக்கம் திரும்பிவிடுவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய வீட்டுக்காரர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். இவர் உள்ளே சாவகாசமாகக் குளித்துக்கொண்டிருப்பார்.

“எல்லாரும் போகும்போது போறாங்க, நீங்க மட்டும் என்ன அக்கா வந்த பிறகு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“போறவளுக்கு என்னத்துக்குப் பிள்ள சோறு? தொண்டையில எறங்குமா? வாறவளுக்குத்தான் பசிக்கும்” என்றார்.

அது பாதி பதில்தான் என்று எனக்குத் தெரிய இரண்டு வருடம் ஆனது.

அவருக்கு வேலை துணிப் பிரிவில். மருத்துவமனையின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் வெந்து காய்ந்து அவர் கைக்கு வந்து, மடிந்து, வார்டுகளுக்குப் போகும். நான் நர்ஸ். ஊர் குழித்துறைப் பக்கம் அவருக்கு, கடியப்பட்டணம் எனக்கு. என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஒரே அறையில் ஐந்து வருடம் இருந்தோம். அவர் சபைக்காரர், நான் கடற்கரைக் கத்தோலிக்கப் பெண். ஜெபத்தில் மட்டும் எங்களுக்குள் ஒத்துப்போகாது. அவர் கண்ணை மூடினால் அரை மணி நேரம் ஆகும். நான் மூன்று அருள்நிறைந்த மரியேயில் முடித்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வேன்.

ஜெபம் செய்வதற்கு முன்னாலும் முகம் கழுவுவார். வேலை முடிந்து வந்தால் அறைக் கதவுக்கு வெளியே ஒரு நிமிடம் நிற்பார்; செருப்பைக் கழற்றி, தலையைக் கோதி, மூச்சை விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். உள்ளே இருப்பது யார்? நான்தான். எனக்கு எதற்கு இந்த மரியாதை என்று சிரிப்பு வரும். வீட்டிலிருந்து வீடியோ அழைப்பு வந்தால் எடுக்கவே மாட்டார். அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டு, குளியலறைக்குப் போய் முகம் கழுவி, துளி பவுடர் போட்டு, பிறகு அவரே திருப்பி அழைப்பார். 

“கர்த்தருக்கு உங்க மொகம் எப்புடி இருந்தாலும் தெரியாதா அக்கா?” என்று ஒருமுறை சீண்டினேன்.

“தெரியும். தெரியும்ணு உள்ளதுக்காவ அப்படியே கொண்டு காட்டணுமா?”

எரிச்சலாகவும் இருக்கும். ஆறு பேருக்கு ஒரு குளியலறை. காலை ஷிப்டுக்கு எல்லோரும் பறக்கிற நேரத்தில் இவர் கண்ணாடி முன்னால் நிற்பார். ஒருநாள் பகலில் எங்கள் குடியிருப்பில் தீ எச்சரிக்கை மணி அடித்தது. நைட்டியோடும் ஈரத் தலையோடும் எல்லோரும் மாடிப்படியில் உருண்டு இறங்கித் தெருவில் நின்றோம். அக்காவைக் காணவில்லை. காவலாளி அரபியில் கத்திக்கொண்டிருந்தார். கடைசி ஆளாக, இஸ்திரி போட்ட சுடிதாரும் வாரிக் கட்டிய முடியுமாக அக்கா இறங்கி வந்தார். யாரோ சமையலறையில் எதையோ கருக்கியிருந்தார்கள், வேறொன்றும் இல்லை.

“நெசமாவே தீப்பிடிச்சிருந்தா என்ன செய்வீங்க?” என்று கத்தினேன்.

“தீப்பிடிச்சிருந்தா போட்டோ எடுப்பானுவ பிள்ள. ஊர்ல அம்மை அதைப் பாப்பா.”

கோபத்தோடு கோபமாகச் சிரித்துவிட்டேன். அவருடைய அம்மாவுக்கும் இந்த முகம் கழுவலுக்கும் என்ன சம்பந்தம் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னார். துணி அறையில் தலையணை உறைகளை மடித்துக்கொண்டே, கையை நிறுத்தாமல் சொன்னார்.

அவர் முதல் தடவை விடுமுறைக்குப் போனது இரண்டு வருடம் கழித்து. அன்றைக்கு முந்தின நாள் இரட்டை ஷிப்டு. விமானம் தாமதம். பக்கத்து இருக்கைக் குழந்தை வழி முழுக்க அழுதது. பெட்டி ஒன்று வரவில்லை. அதற்காக ஒரு மணி நேரம் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், வாசலில் பதினான்கு பேர். அம்மா, அக்காமார், பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லோரும் ஒரு வேனில். அம்மா விடியும் முன்பே எழுந்து, உடுத்தாமல் வைத்திருந்த சேலையை உடுத்து, நேந்திரங்காய் வறுத்துப் பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தார். மகளைக் கண்டதும் கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

“நான் என்ன கேட்டேன் தெரியுமா பிள்ள? ‘எதுக்கு இத்தன பேரு வந்திய?’ண்ணு கேட்டேன். ரெண்டு வருசம் கழிச்சு அம்மையைப் பாக்கேன். மொத வார்த்தை அது.”

“அசதியில சொன்னதுதானே அக்கா?”

“எனக்குத் தெரியும் அசதிண்ணு. அவளுக்குத் தெரியுமா? நீட்டின கையை அப்படியே மடக்கிட்டா. பொறவு ஒரு வார்த்தை எதுத்துச் செல்லல்ல. அடுத்த தடவை ஏர்போட்டுக்கு வரல்ல. அதுக்குப் பொறவும் வரல்ல. கேட்டா, கால் வலிக்குண்ணு செல்லுவா.”

அதன் பிறகுதான் அவருக்கு அந்த லவுஞ்சு. வாசல் தாண்டுவதற்கு முன் அரை மணி நேரம். குளித்து, உடுத்து, இரண்டு இட்லி உள்ளே போய், மனது ஒரு நிலைக்கு வந்த பிறகு வெளியே போனால் வாயில் நல்ல வார்த்தை வரும் என்பது அவர் கணக்கு. வீட்டுக்காரர்கள் முதலில் பார்க்கிற முகம் ஒன்றுதான், அதைத் திரும்ப எடுத்துக் காட்ட முடியாது என்பார். நான் கேட்டுக்கொண்டேன். ஆனாலும் கொஞ்சம் அதிகப்படி என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

இப்போது என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருடம் லாஞ்சு ஓட்டியவர். எங்கள் கரையில் லாஞ்சு என்றால் விசைப்படகு. வேறு அர்த்தம் கிடையாது. கொச்சி வரைக்கும் போய் மாதக்கணக்கில் கடலில் கிடந்து வருவார். நாங்கள் கரையில் காத்து நிற்போம். அவருக்கு நெஞ்சில் நீர் கோத்து நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். தம்பி பரிசோதனை முடிவுகளை வாட்ஸப்பில் அனுப்பினான். இத்தனை வருடம் ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டியவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பிறகு, அப்பாவை ஐசியூவிலிருந்து அறைக்கு மாற்றிவிட்டார்கள் என்றான். அவனுக்கு அது நல்ல செய்தி. இனி செய்ய ஒன்றுமில்லை என்றுதான் மாற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

“அப்பாட்ட நீ லீவுல வாறண்ணு செல்லியிருக்கு. வேற ஒண்ணும் அவருக்குத் தெரியாது. அழுது வீங்கி வந்து நிக்காத, கேட்டியா?” என்றான் தம்பி.

அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. எங்கள் தாத்தாவுக்கு, பிழைக்க மாட்டார் என்பதை யாரோ அவர் காதுபடச் சொல்லிவிட்டார்கள். மனுஷன் அன்றே கஞ்சியைத் தள்ளி வைத்தார். அப்புறம் வாயைத் திறக்கவே இல்லை. அப்பாவும் அதே ரகம். என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் அவரும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவார் என்று எங்கள் எல்லோருக்கும் பயம்.

கிடைத்த விமானத்தில் ஏறினேன். அக்கா தன் விடுமுறைக்கு முன்பே டிக்கெட் எடுத்து வைத்திருந்த அதே விமானம். பக்கத்தில் அவர்தான். நான் ஏறினதிலிருந்து இறங்குகிறவரை அழுதேன். கைக்குட்டை நனைந்ததும் அக்கா தன் துப்பட்டாவின் முனையைக் கொடுத்தார்.

காலை எட்டு மணிக்கு இறங்கினோம். தம்பி அனுப்பிய கார் வெளியே நின்றது. நான் வாசலைப் பார்த்துப் போனேன். அக்கா என் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“இருபது நிமிசம். குளிச்சுட்டுப் போ.”

“உங்களுக்குப் பைத்தியமா அக்கா? எனக்க அப்பா அங்க கெடக்காரு!”

“ஒனக்க மொகத்தைப் பாத்தியா ஏட்டி? எழவு வீட்டுக்குப் போறவ மாரி இருக்கு. அந்த மனுசன் அதைப் பாக்கதுக்கா காத்துக் கெடக்காரு?”

“நான் போவதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?”

அவர் கையை எடுக்கவில்லை. “ஆயிட்டா என்னைத் திட்டு. ஆயுசு முழுக்கத் திட்டு. நான் கேட்டுக்கிடுதேன்” என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் திரும்பினேன் என்று நினைக்கிறேன். பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள ஒரு ஆள் நின்றால், மனிதருக்குக் கொஞ்சம் தைரியம் வருகிறது. லவுஞ்சு வாசலில் இருந்த பெண், ஒரு அட்டைக்கு ஒரு ஆள்தான் என்றாள். என் அட்டை கைப்பையில் இல்லை. அவசரத்தில் குவைத்து அறையிலேயே விட்டிருந்தேன். அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தன் அட்டையைத் தேய்த்து என்னை உள்ளே தள்ளினார். கைப்பையைத் திறந்து, தனக்கென்று மடித்து வைத்திருந்த இஸ்திரி போட்ட சுடிதாரை எடுத்து என் கையில் கொடுத்தார். இளமஞ்சள் நிறம். பிறகு இரண்டு பேரின் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு போய் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

உள்ளே வெந்நீரைத் திறந்துவிட்டு நின்றபோது, உடம்பில் மிச்சமிருந்த அழுகையெல்லாம் தண்ணீரோடு போனது. மூன்று இட்லியை மருந்து விழுங்குவது மாதிரி விழுங்கினேன். சாயா குடிக்கும்போது தம்பி அழைத்தான்.

“எங்க நிக்க?”

“லவுஞ்சுல. இந்தா எறங்கிட்டேன்.”

“எதுலயா? அங்க என்ன எழவுக்கு இருக்க? எல்லாரும் இஞ்ச உயிரைப் பிடிச்சிட்டு நிக்கோம்!”

பின்னால் அப்பா ஏதோ கேட்பது கேட்டது. தம்பி அவரிடம் பதில் சொல்லிவிட்டு என்னை இரண்டு திட்டு திட்டி வைத்துவிட்டான். நான் சாயாவைப் பாதியில் விட்டு வெளியே ஓடினேன். அக்கா எழுந்து வந்து, என் நெற்றியிலிருந்த ஈரத்தை உள்ளங்கையால் துடைத்து, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“ம். இப்ப லீவுல வந்தவ மாரி இருக்க. போ.”

ஓடிவிட்டேன். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. களியக்காவிளை தாண்டுகிற வரைக்கும் அது எனக்கு உறைக்கவே இல்லை. பிறகுதான் நினைத்தேன்: அக்கா என்ன உடுத்துவார்? அவருடைய அட்டை எனக்குப் போய்விட்டது, உடுப்பும் எனக்குப் போய்விட்டது. பதினோரு வருடமாகக் கழுவாத முகத்தோடு வீட்டு வாசலை மிதிக்காத ஆள், அன்று என் கண்ணீர் காய்ந்த துப்பட்டாவோடு, கலைந்த தலையோடு, அப்படியே போனார்.

அவர் வீட்டில் என்ன நடந்தது என்பதைப் பல நாள் கழித்துப் போனில் கேட்டேன். சிரித்தார். அம்மா முற்றத்தில் நின்றிருக்கிறார். மகளை மேலும் கீழும் பார்த்திருக்கிறார். “இத்தன வருசமும் கல்யாண வீட்டுக்கு வாறவ மாரி வருவா. இன்னைக்குத்தான் எனக்க பிள்ள வந்திருக்கா” என்று சொல்லிவிட்டு, அடுப்பில் வெந்நீர் வைத்து, தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டாராம்.

“பதினோரு வருசம் நான் தப்பா கணக்குப் போட்டுட்டேன் போல பிள்ள” என்றார் அக்கா. அவர் கணக்கு அவர் வீட்டில் தப்பியது. என் வீட்டில் தப்பவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பின்னால் நான் குவைத்தை விட்டேன், அவர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனார், எண்களும் மாறிவிட்டன. அந்த மஞ்சள் சுடிதார் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

அப்பா அதற்குப் பிறகு நான்கு நாள் இருந்தார். நான்கு நாளும் என் கையால் கஞ்சி குடித்தார். கடைசிவரை சுவரைப் பார்த்துத் திரும்பவில்லை. ஆனால் என் மனதில் நிற்பது நான் அறைக்குள் நுழைந்த அந்த முதல் ஐந்து நிமிடம்தான்.

பத்தரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. வாசலிலேயே தம்பி என்னை மறித்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். அவன் குரலைத் தாழ்த்தி, “நீ லவுஞ்சுல இருக்கண்ணு நான் செல்லினேன்லா, அது அவரு காதுல லாஞ்சுண்ணு விழுந்துட்டு. ரெண்டு நாளா ஒண்ணும் பேசாத ஆளு. ‘லாஞ்சுலயா வாறா? அப்ப கரை பிடிக்க நேரமாவும். என்னை உக்கார வை’ண்ணு செல்லிட்டாரு. அப்ப இருந்தே உறங்காம கெடக்காரு. நான் திருத்தப் போவல்ல” என்றான்.

உள்ளே அப்பா மூன்று தலையணையில் சாய்ந்து, கதவைப் பார்த்தபடி இருந்தார். பாதியாக இளைத்திருந்தார். மூக்கில் குழாய். நர்ஸாக நான் பார்க்க வேண்டியதெல்லாம் ஒரே பார்வையில் பார்த்துவிட்டேன். என் முகம் அசையவில்லை. வெந்நீரும் மூன்று இட்லியும் அதைப் பிடித்து நிறுத்தியிருந்தன. பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையை எடுத்துக்கொண்டேன்.

“வந்தியா மக்ளே.”

“வந்தேன் அப்பா. ஒரு மாசம் லீவு.”

“லாஞ்சுலயா வந்த?”

“ஆமா அப்பா.”

“இந்த மாசத்துல காத்து அடங்காதே. கடல் எப்புடி கெடந்துச்சு?”

“சும்மா குளம் போல கெடந்துச்சு அப்பா.”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேகத்தைப் பார்த்துக் காற்றைச் சொல்கிறவர், கடலின் நிறத்தைப் பார்த்து மீனைச் சொல்கிறவர், நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் நிதானமாகப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

“ஆமா. மொகத்தப் பாத்தாலே தெரியுது” என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்தபடியே உறங்கிப்போனார்.